அப்பா கண்ணைக் கட்டிக்கொண்ட கிறிஸ்துமஸ்

ஹாரியட் டப்மன் பற்றி இணையத்தில் தேடினால் மூணு எண்கள் திரும்பத் திரும்ப வரும்: 19 பயணம், 300 பேர் மீட்பு, தலைக்கு 40,000 டாலர் சன்மானம். மூணுமே மிகை. ஆவணங்களைச் சரிபார்த்த ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 13 பயணம், கிட்டத்தட்ட 70 பேர். 1849-ல் அவருடைய எஜமானி பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தில் அவரைப் பிடித்துத் தந்தால் அதிகபட்சம் 100 டாலர், அவ்வளவுதான். எனக்கென்னவோ இந்தச் சின்ன எண்கள்தான் பெரிசாத் தெரியுது. ஏன்னா அந்த 70 பேரில் பலர் அவரோட சொந்தக்காரங்க. வரலாறு படைக்கணும்னு அவர் கிளம்பவில்லை. வீட்டு ஆட்களைக் கூட்டிவரப் போனார்.

1822 வாக்கில் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்தார். அப்போது பெயர் அரமின்ட்டா ராஸ், செல்லமா மின்ட்டி. அம்மாவழிப் பாட்டி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர். அங்கே சட்டம் என்னன்னா, தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யார் என்பது கணக்கிலேயே கிடையாது. அப்பா பென் மரம் வெட்டும் வேலையில் கெட்டிக்காரர், 1840-ல் விடுதலையும் கிடைத்தது. ஆனால் அம்மா ரிட் அடிமை. அதனால் ஒன்பது பிள்ளைகளும் இன்னொருவர் சொத்து. மூன்று அக்காக்களைத் தூரதேசத்துக்கு விற்றுவிட்டார்கள். கடைசித் தம்பியை வாங்க வியாபாரி வந்தபோது அம்மா பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு, உள்ளே நுழைகிறவன் மண்டையைப் பிளப்பேன் என்று வாசலில் நின்றார். அந்த விற்பனை நடக்கவில்லை. மின்ட்டி மனதில் இது ஆழப் பதிந்தது.

பதின்ம வயதில் ஒரு கடையில், வேறொருவன் மீது கங்காணி வீசிய சுமார் 1 கிலோ எடைக்கல் இவர் தலையில் விழுந்தது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தில் கனவுகள், காட்சிகள் வரும். வலிப்பு நோயாக இருக்கலாம் என்பது இன்றைய ஊகம். அவருக்கோ அது கடவுள் பேசும் நேரம். எந்தப் பாதையில் திரும்பணும், எங்கே பதுங்கணும் என்பதைக்கூட அந்தக் குரலை நம்பித்தான் முடிவெடுத்தார். எழுத்துப் படிக்கத் தெரியாது; பைபிள் கதையெல்லாம் அம்மா வாய்வழியாக வந்தது. எகிப்திலிருந்து ஜனங்களை அழைத்துவந்த மோசேயின் பெயரையே பின்னாளில் அவருக்கு வைத்தார்கள்.

திருமண சமயத்தில் அம்மாவின் முழுப்பெயரான ஹாரியட்டைத் தன் பெயராக்கிக்கொண்டார். 1849-ல் தனியாகத் தப்பி பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். சுதந்திரம் கிடைத்தது, வா என்று கூப்பிட அங்கே ஒரு ஆள் இல்லை. சரி, எல்லோரையும் இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவுசெய்தார். 1851-ல் கணவருக்காகத் திரும்பிப் போனால், அவர் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். வர விருப்பமுள்ள வேறு சிலரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார் ஹாரியட்.

1854 கிறிஸ்துமஸ். மறுநாள் சகோதரர்கள் மூவரும் ஏலத்துக்குப் போகவேண்டும். ஹாரியட் வந்து அவர்களைப் பெற்றோர் வீட்டருகே தீவனக் கொட்டகையில் ஒளித்தார். உள்ளே அம்மா பண்டிகைச் சாப்பாடு செய்துவைத்து, பிள்ளைகள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லமுடியாது, சந்தோஷத்தில் சத்தம்போட்டால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அப்பாவுக்கு மட்டும் ஆள் அனுப்பினார்கள். அவர் பொய் சொல்லாதவர். நாளைக்கு விசாரணை வரும், பார்த்தேன் என்று சொல்லவும் முடியாது, பார்க்கவில்லை என்று பொய் சொல்லவும் முடியாது. அதனால் பிள்ளைகளைப் பார்க்காமலே சாப்பாட்டை உள்ளே கொடுத்தார். இரவு புறப்படும்போது கைக்குட்டையால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மகன்கள் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடந்து வழியனுப்பினார். போகுமுன் எல்லோரும் ஜன்னலோரம் நின்று, அடுப்பருகே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்கள். ஹாரியட் அம்மாவைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கதவைத் தட்டவில்லை.

1857-ல் பெற்றோரையும் கூட்டிவந்தார். வயதானவர்கள், நடக்கமுடியாது. பழைய வண்டிச் சக்கரம் இரண்டு, அச்சின் மேல் உட்கார ஒரு பலகை, கால்வைக்கக் கயிற்றில் தொங்கும் இன்னொரு பலகை, கிழட்டுக் குதிரைக்கு வைக்கோலில் கழுத்துப்பட்டை. மெக்கானிக்கல் பசங்க கவனிக்க: டிசைன் ரிவ்யூ எதுவும் இல்லாமலே வண்டி ஓடியது.

தங்கை ரேச்சலை மட்டும் கொண்டுவர முடியவில்லை. தன் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவர் பலமுறை மறுத்தார். 1860 கடைசியில் ஹாரியட் போய்ச் சேர்ந்தபோது ரேச்சல் இறந்துபோயிருந்தார். பிள்ளைகளை மீட்க லஞ்சமாக 30 டாலர் தேவைப்பட்டது. கையில் இல்லை. காத்திருந்த வேறொரு குடும்பத்தை, கைக்குழந்தை அழாமலிருக்க மயக்க மருந்து கொடுத்து, வடக்கே கூட்டிப்போனார். அதுதான் கடைசிப் பயணம்.

உள்நாட்டுப் போரில் 1863-ல் காம்பஹீ ஆற்றுத் தாக்குதலுக்கு வழிகாட்டி 700-க்கும் மேற்பட்டோரை ஒரே இரவில் விடுவித்ததெல்லாம் நீங்க வேறெங்கும் படிக்கலாம். போருக்குப் பிறகு நியூயார்க்கின் ஆபர்னில் பெற்றோரைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார்; போக்கிடம் இல்லாதவர்களுக்கும் அந்த வீடு திறந்தே இருந்தது. பக்கத்து நிலத்தை 1903-ல் தன் கறுப்பின மெதடிஸ்ட் சபைக்கு எழுதிக்கொடுத்தார், முதியோர் இல்லம் நடத்த. 1913 மார்ச் 10 அன்று அந்த இல்லத்திலேயே இறந்தார்.