துறை வேலி தாண்டிய தாம்பரத்துப் பேராசிரியர்

அறிவுத் துறைகளுக்கு எல்லைகள் உண்டு, மதில்கள் இல்லை. இதனைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி (1932–1988).

தமிழ்ப் பெண்டிர் நாள்தோறும் வாசலில் இடும் புள்ளிக் கோலத்துள் கணித இலக்கணம் பொதிந்திருப்பதை அவர் கண்டார். துணைவியார் இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, 1974இல் அதனைக் கணினியியல் விதிகளாக வகுத்துரைத்தார். மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன்களை ஆராய்ந்தார். பல்லவர் சிற்பங்களின் உறுப்பளவுகளை அளந்து ஒப்பிட்டார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி இனங்காணும் முறையை 1978இல் தம் குழுவினருடன் வெளியிட்டார். 1980இல் திருக்குறளைப் பண்டை எழுத்து வடிவங்களில் நூலாக்கினார். தாம்பரம் வட்டாரக் கல்வெட்டுகளும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

இத்துணைத் துறைகளில் கால்வைத்தவர் எதிலும் மேலோட்டமாக நிற்காமைக்குக் காரணம் யாது? எங்குச் சென்றாலும் எண்ணுதல், அளத்தல், ஒப்பிடுதல் என்னும் தம் துறையின் ஒழுங்கை அவர் உடன்கொண்டு சென்றார். சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாகப் பலர் முழங்கினர். அவரோ அப்துல் ஹக்குடன் இணைந்து, அக்குறியீட்டுத் தொடர்கள் எங்கெங்குப் பிரியும் என்பதையே கணித வழியில் ஆராய்ந்தார். சான்று காட்டாத பொருளை ஏற்றிக் கூறவில்லை. அவ்வெழுத்து இன்றும் ஐயமறப் படிக்கப்படவில்லை; அவர் காத்த அடக்கத்தின் அருமை இதனால் விளங்கும்.

ஐம்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார். கலை, அறிவியல், பொறியியல் எனப் பிரிந்து பயிலும் மாணவர் நெஞ்சிற்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு: தம் துறையில் வேரூன்றியவர்க்கே பிற துறைகளில் கிளைபரப்புதல் கைகூடும்.