தன் இனத்தாரோடு சென்ற துறவி

எடித் ஸ்ரைனைத் தத்துவ அறிஞர் என்றும், கார்மேல் சபைத் துறவி என்றும், புனிதை என்றும் நாம் அறிவோம். அவர் யூதப் பெண்ணாகப் பிறந்ததற்காகவே கொல்லப்பட்டார் என்பதை மறந்துவிடலாகாது.

1891ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள், அன்று ஜேர்மனிக்குரியதாயிருந்த பிறெஸ்லவ் நகரில், பக்தியுள்ள யூதக் குடும்பமொன்றின் பதினோராவது பிள்ளையாக அவர் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் காலமானார். தாயார் மரக்காலையைத் தாமே நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கினார். முதலாவது உலகப் போரில் எடித் தாதியாகப் பணிசெய்தார். 1916இல், பிறர் உள்ளத்து உணர்வை நாம் உணர்வது எவ்வாறு என்பதை ஆராய்ந்து, பேராசிரியர் ஹுஸேர்லிடம் கலாநிதிப் பட்டத்துக்குத் தேறினார்.

இளமையில் செபத்தைக் கைவிட்டிருந்த அவர், 1921இல் அவிலா தெரேசம்மாளின் வரலாற்றை வாசித்து உள்ளம் மாறி, 1922 சனவரி முதலாம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். தாயாருக்கு அது தாங்கொணாத் துயரம். ஆயினும் வீட்டில் தங்கிய நாட்களில் எடித் தாயாருடன் யூதரின் செபக்கூடத்துக்குச் சென்றுவந்தார்.

1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். கொடுமை சட்டத்தின் வடிவிலே வந்தது. யூதர் அரச சேவையிலிருந்து நீக்கப்பட்டனர். எடித்தும் மியூன்ஸ்ரரில் விரிவுரையாளர் பதவியை இழந்தார். அவ்வாண்டு ஏப்பிரலில் அவர் பாப்பரசர் பதினோராம் பத்திநாதருக்குக் கடிதம் எழுதி, யூதருக்கு இழைக்கப்படும் அநீதிக்கெதிராகத் திருச்சபை வாய்திறக்க வேண்டுமென மன்றாடினார். அவர் வேண்டிய பகிரங்கக் கண்டனம் அப்போது வரவில்லை. 1937இல் பாப்பரசர் நாஸிகளின் இனக்கொள்கையைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தபோதும், யூதர் படும்பாடு அதில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. எடித்தின் கடிதம் 2003இலேதான் உலகுக்கு வெளியானது.

1933 ஒக்டோபரில் அவர் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1935இல் யூதரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1938 நவெம்பரில் அவர்களுடைய செபக்கூடங்கள் தீக்கிரையாயின. அவ்வாண்டின் இறுதி நாளில் எடித் ஒல்லாந்திலுள்ள எக்ற் மடத்துக்கு மாற்றப்பட்டார். கத்தோலிக்கராகியிருந்த சகோதரி றோசாவும் பின்னர் அங்கு வந்தார். 1940இல் ஒல்லாந்தும் ஜேர்மனியரின் கைக்குள் வீழ்ந்தது.

1942 யூலை 26, ஞாயிறு. யூதர் நாடுகடத்தப்படுவதைக் கண்டித்து ஒல்லாந்து ஆயர்கள் எழுதிய மடல் கோவில்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்கவே நாஸிகள் ஓகஸ்ட் 2ஆம் நாள் கத்தோலிக்க யூதரைக் கைதுசெய்தனர். சகோதரிகள் இருவரும் கொண்டுசெல்லப்பட்டனர். வெஸ்ரபோர்க் முகாமில், துயரத்தால் மனமொடிந்த தாய்மார் கவனியாதுவிட்ட குழந்தைகளை எடித் கழுவித் தலைவாரிவிட்டார். ஓகஸ்ட் 9ஆம் நாள் அவுஷ்விற்ஸில் இருவரும் கொல்லப்பட்டனர். எடித்துக்கு வயது 50.

1998இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, அவர் கிறிஸ்தவராக அல்ல, யூதராகவே கொல்லப்பட்டார் என யூதர் பலர் மனத்தாங்கலுடன் நினைவூட்டினர். நாம் செவிகொடுக்க வேண்டிய நினைவூட்டல் அது. கொல்லப்பட்ட ஏறக்குறைய 60 இலட்சம் யூதருள் அவரும் ஒருவர்.

ஓகஸ்ட் 9 அவரது திருநாள். அன்று அவருடைய மன்றாட்டைத் தேடுவோர் அவருடைய கடிதத்தையும் நினைப்பார்களாக. அநீதி சட்டமாக வந்த முதல் மாதங்களிலேயே அவர் அதை இனங்கண்டு சொன்னார். பேச வேண்டியவர்களோ காலந்தாழ்த்தினர்.