அயோத்திதாசப் பண்டிதர்: ஆராய்ந்து தெளிந்த பெருமகனார்

சமய நம்பிக்கை ஒன்றே ஒருவரை உண்மையிடம் கொண்டு சேர்க்குமா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே நன்றியுணர்வால் தம் பெயராக ஏற்றார். தமிழ் இலக்கியத்திலும் சித்த மருத்துவத்திலும் புலமை பெற்றார்.

தொடக்கத்தில் அவர் அத்வைதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிர்களிலும் உறைவது ஒரே பரம்பொருள் என்பது அச்சமயக் கொள்கை. அவ்வாறாயின் மக்களுள் உயர்வு தாழ்வு ஏது? 1892இல் சென்னையில் கூடிய மகாசன சபையில், ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிவன் கோயில்களிலும் பெருமாள் கோயில்களிலும் நுழைவுரிமை வேண்டினார். அவையோர் மறுத்தனர். மதுரைவீரனும் காட்டேரியுமே அம்மக்களுக்குரிய தெய்வங்கள் என்று அங்கே கூறப்பட்டது. ஏட்டில் ஒன்றாயிருந்த பரம்பொருள் கோயில் வாயிலில் இரண்டாயிற்று!

பண்டிதர் சோர்ந்துவிடவில்லை. பழந்தமிழ் நூல்களையும் சமய வரலாற்றையும் ஆராய்ந்தார். பௌத்தமே தம் மக்களின் பண்டைய நெறி என்னும் முடிவிற்கு வந்தார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். மரபு என்பதாலோ, குருவின் மொழி என்பதாலோ எதனையும் ஏற்றுக்கொள்ளலாகாது என்று புத்தர் காலாமர்க்கு அறிவுறுத்தியதாகப் பௌத்த நூல்கள் கூறும். அந்நெறி பண்டிதரின் உள்ளத்திற்கு ஒத்ததாயிற்று.

1907ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 19ஆம் நாள் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ், பண்டிகைகளையும் புராணக் கதைகளையும் கேள்விக்கு உட்படுத்தியது. 1914ஆம் ஆண்டு மே திங்கள் 5ஆம் நாள் மறையும்வரை அப்பணியை அவர் கைவிடவில்லை.

அவர் கூறிய சொல்விளக்கங்கள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அதனால் அவர்தம் பெருமை குன்றாது. அவர் கூற்றையும் ஆராய்ந்து ஏற்பதே அவர் காட்டிய வழியாகும்.

இளைஞர்களே! நம்பிக்கை நெஞ்சிற்கு உரம் தரலாம். ஆயினும் மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்டுவது ஆராய்ச்சியே. ஆராயும் ஆற்றலைத் தருவது கல்வி. ஆலய நுழைவு மறுக்கப்பட்ட அதே அவையில் நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியையும் பண்டிதர் வேண்டினார் என்பதை மறவாதீர்கள். கோயில் கதவு அடைபட்டபோதும் பள்ளிக் கதவைத் தட்டிய அப்பெருமகனாரின் வழியில் கற்போம், கற்றதை ஆராய்வோம்!