ஜப்பானியருக்குப் போர்க்கலை கற்பித்த ஜெர்மானியர்

ஜப்பானிய ராணுவத்தின் ஆசான் என்று பெயர் பெற்றவர் ஜப்பானியர் அல்லர். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1842-ல் பிறந்த யாக்கோப் மெக்கெல்தான் அவர்.

1870-71 போரில் பிரான்சைப் பிரஷ்யா வென்றது. அதுவரை பிரெஞ்சு அதிகாரிகளிடம் பயிற்சி பெற்று வந்த ஜப்பான், வென்றவர்களிடம் பாடம் கேட்க விரும்பியது. போர் மந்திரி ஒயாமா இவாவோ 1884-ல் ஜெர்மனி சென்று ஓர் ஆசிரியரை அனுப்பக் கோரினார். பெர்லின் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்திய மேஜர் மெக்கெல் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1885-ல் டோக்கியோ ராணுவ உயர் கல்லூரியில் அவர் பொறுப்பேற்றார். அவர் ஜெர்மன் மொழியில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொல்வார். மாணவர்களோடு உயர் அதிகாரிகளும் வந்து அமர்ந்து கேட்டனர். கல்லூரி நிர்வாகத்தில் இருந்த கொடாமா கென்டாரோவும் அவர்களில் ஒருவர்.

வகுப்பறையோடு மெக்கெல் நிற்கவில்லை. அதிகாரிகளை வெளியூர்களுக்கு அழைத்துச் சென்று, ஆற்றையும் மேட்டையும் நேரில் காட்டி, எதிரி வந்தால் படையை எப்படி நிறுத்துவது என்று யோசிக்க வைத்தார். படைக்கு உணவும் குண்டும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை வற்புறுத்தினார். அவர் ஆலோசனைப்படி, ஊர்க்காவலுக்கென இருந்த படைகள் 1888-ல் டிவிஷன்களாக மாற்றப்பட்டன. அதே ஆண்டு அவர் தாயகம் திரும்பினார்.

1894-95-ல் சீனாவை ஜப்பான் வென்றதும் மெக்கெலின் புகழ் ஓங்கியது. ஆனால் 1895-ல் ஜெர்மனியே ருஷ்யாவோடும் பிரான்சோடும் சேர்ந்து, வென்ற லியாவோடுங் தீபகற்பத்தைத் திருப்பித் தரும்படி ஜப்பானை நெருக்கியது. மறு ஆண்டு மெக்கெல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

1904-05 ருஷ்யப் போரில், மஞ்சூரியாவில் ஜப்பானியப் படைக்குத் திட்டம் வகுத்தவர் கொடாமா. வெற்றி கிடைத்தது, விலையோ அதிகம். போர்ட் ஆர்தர் முற்றுகையில் இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்து அலை அலையாகச் சென்றவர்களில் மாண்டோரும் காயமடைந்தோரும் 50,000-க்கு மேல். காலாட்படை முன்னேறித் தாக்க வேண்டும் என்ற மெக்கெலின் பாடத்தை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டதே இதற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் குறை கூறப்பட்டது.

1906 ஜூலை 5-ல் மெக்கெல் பெர்லின் அருகே காலமானார். பதினெட்டாம் நாள் கொடாமாவும் மறைந்தார்.

1909-ல் டோக்கியோ கல்லூரி முன் மெக்கெலுக்குச் சிலை வைக்கப்பட்டது. 1914-ல் உலகப் போர் மூண்டதும், சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவோ துறைமுகத்தை ஜப்பானியப் படை கைப்பற்றியது. ஆசானின் நாடு எதிரி நாடாயிற்று. ஆயினும் அவர் சிலையை ஜப்பானியர் அகற்றவில்லை. 1945 வரை அது அங்கேயே நின்றது.