சர்வர் ஏன் திடீர்னு ஸ்லோ ஆகுது? 1936-லேயே விடைக்கு வழி காட்டிய இந்தியர்... யார் இந்த மஹலனோபிஸ்?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு இ-சேவை மையத்துல வருமானச் சான்றிதழுக்காக வரிசையில் நிக்கிறீங்கன்னு வச்சுக்கலாம். வழக்கமா ரெண்டு நொடியில் திறக்கும் பக்கம் இன்னைக்கு சுத்திக்கிட்டே இருக்கு. சர்வர் ஸ்லோ, நாளைக்கு வரச் சொல்றாங்க. வேலைக்குப் போகாம வந்தவருக்கு ஒரு நாள் கூலி போச்சு.

பல நேரங்களில் இதற்குக் காரணம், டேட்டாபேஸில் ஓடும் ஏதோ ஒரு குவெரி. ஆனா ஓடுறது ஆயிரக்கணக்கில். அதுல எது குற்றவாளி?

10 நொடிக் கணக்கு ஏன் போதாது?

மை எஸ்கியூஎல் போன்ற டேட்டாபேஸ்களில் மெதுவான குவெரிகளைக் குறித்து வைக்கும் 'ஸ்லோ குவெரி லாக்' உண்டு. நாம மாத்தாத வரைக்கும் அதன் எல்லை 10 நொடி.

மாதாந்திர அறிக்கைக்கான குவெரி எப்பவுமே 8 முதல் 14 நொடி எடுக்கும். இன்னைக்கு 12 நொடி எடுத்தா அது இயல்புதான். ஆனா லாக் அதைப் பிடிச்சிடும். எப்பவும் 0.1 நொடியில் முடியும் இன்னொரு குவெரி இன்னைக்கு 1 நொடி எடுக்குது. நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை ஓடுறதால மொத்த சர்வரும் திணறுது. இதை லாக் கண்டுக்கவே கண்டுக்காது.

ஆக, முதலில் தெரிய வேண்டியது ஒவ்வொரு குவெரிக்கும் எது வழக்கம் என்பது. இந்த இடத்தில்தான் மஹலனோபிஸ் வர்றார்.

யார் இவர்?

பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1893 ஜூன் 29-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படிச்சார். அங்கே அவருக்கு நண்பரானவர் கணித மேதை ராமானுஜன். அரியலூர் மாவட்டத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினா வரும் கும்பகோணத்தில் வளர்ந்த அதே ராமானுஜன்தான்!

ஊர் திரும்பும் நேரத்தில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழ் கண்ணில் பட்டது. தொகுதிகளை வாங்கி கப்பலிலேயே படிச்சார். இயற்பியல் பேராசிரியர் புள்ளியியல் பக்கம் திரும்பினது அப்படித்தான். 1931-ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

வெள்ளம் சொன்ன பாடம்

1926-ல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம். ஆற்றுப்படுகை உயர்ந்துடுச்சு, கரையை உயர்த்தணும்னு பொறியாளர்கள் கருதினாங்க. மஹலனோபிஸ் சுமார் 60 ஆண்டு மழை, வெள்ளக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். படுகை உயரல, மேல்பகுதியில் கொட்டிய அதிக மழைதான் காரணம்னு கண்டார். பழைய கணக்கு இல்லாம இருந்திருந்தா, தப்பான இடத்தில் பணம் கரைஞ்சிருக்கும்.

மஹலனோபிஸ் தொலைவு என்றால் என்ன?

கொல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராயும் வேலை 1920-ல் அவரிடம் வந்தது. பல அளவுகளை ஒண்ணா வச்சு எப்படி ஒப்பிடுறது? இந்த யோசனை வளர்ந்து, 1936-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

விஷயம் எளிமைதான். ஆறடி உயரக்காரர் 80 கிலோ இருந்தா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. நாலரை அடி உயரக்காரர் 80 கிலோ இருந்தா கவனிப்போம். எடை ஒண்ணுதான். ஆனா உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விலகல் தெரியுது.

குவெரிக்கும் இதே கதைதான். லட்சம் வரிகளைப் படிச்சு அதிக நேரம் எடுத்தா சரி. பத்து வரிகளைப் படிக்க அதே நேரம் எடுத்தா, எங்கேயோ இண்டெக்ஸ் இல்ல, அல்லது வேறொரு வேலை பூட்டிய டேபிளுக்காக அது காத்துக் கிடக்குது. வழக்கத்திலிருந்து விலகுவதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களில் மஹலனோபிஸ் தொலைவு இன்னைக்கும் பயன்படுது. வங்கி மோசடியைப் பிடிக்கும் முறைகளிலும் இது உண்டு.

அவர் விட்டுச் சென்றது

1950-ல் தேசிய மாதிரி ஆய்வைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வடிவமைத்தார். 1968-ல் பத்ம விபூஷண் பெற்றார். 1972 ஜூன் 28-ல், 79-வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு காலமானார். 2007 முதல் அவர் பிறந்த ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினம்.

அடுத்த முறை சர்வர் ஸ்லோன்னு யாராவது திருப்பி அனுப்பினா, அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. வழக்கமா எவ்வளவு நேரம் ஆகும்னு யாராவது குறிச்சு வச்சிருக்காங்களா?