வீட்டைப் பள்ளியாக்கிய மங்கை: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

முன்னுரை

பள்ளிக்கூடம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மணியோசை, வெண்பலகை, வரிசையாய் அமைந்த மேசைகள், காலைச் சபைகூடல் ஆகியவையே. ஆயினும், 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபொழுது, அவையனைத்தும் ஓய்ந்தன. கோவிட் பெருந்தொற்றின் காரணமாக மஸ்ஜித் இந்தியா சாலையின் துணிக்கடைகள் கதவடைத்தன. பள்ளிகளும் மூடப்பட்டன. நம் மாணவர்கள் அடுக்குமாடி வீடுகளில் அமர்ந்து, கைப்பேசியின் சிறு திரையில் பாடம் கேட்டனர். இல்லிருப்புக் கற்றல் என்னும் சொற்றொடர் அந்நாளில்தான் நம் இல்லங்களில் பழகிய சொல்லாயிற்று.

பெருந்தொற்று இல்லாத காலத்திலும் வீட்டுக் கல்வியை விரும்பித் தேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் உலகில் உள்ளன. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அரசுப் பணத்தில் நடைபெறும் இணையவழிப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கின்றனர். பெற்றோர் அருகிருந்து உதவுகின்றனர். தகுதி பெற்ற ஆசிரியர் அவர்தம் படிப்பைப் பார்வையிட்டு மதிப்பிடுகின்றார். நம் மலேசியாவிலோ 2003-ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிள்ளையை வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் அதற்கு முறைப்படி விலக்குப் பெறல் வேண்டும்.

வீட்டில் கற்றுப் பெரும்புகழ் எய்த இயலுமா என்னும் வினா நம்மில் பலருக்கு எழக்கூடும். அதற்கு விடையாக அமைந்த வாழ்க்கை ஒன்று உண்டு. நம் வட்டாரத்தில் வாணிகம் செய்வோர் பலருடைய முன்னோர்கள் இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். அந்தப் புதுக்கோட்டையில் தோன்றி, வீட்டையே பள்ளியாகக் கொண்டு பயின்று, மருத்துவத்திலும் மக்கள் தொண்டிலும் ஒளிவீசிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் பெற்றோரும்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பொழுது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனிச் சமஸ்தானமாகும். தந்தையார் நாராயணசாமி ஐயர், அந்நகரின் மகாராஜா கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றிய கல்விமான். தாயார் சந்திரம்மாள், இசைக்கலையைப் பரம்பரையாகப் போற்றிய குலத்தைச் சார்ந்தவர்.

அக்குலத்துப் பெண்கள் சிலரை இளமையிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அவ்வாறு விடப்பட்ட பெண்கள் மற்றவரைப்போல் மணம் புரிந்து இல்லறம் நடத்த இயலாது. உலகம் அவர்களின் ஆடலையும் பாடலையும் சுவைத்ததே அன்றி, அவர்களை மதிக்கவில்லை. சந்திரம்மாளை மணந்தமையால் நாராயணசாமி ஐயரும் தம் உறவினரின் வெறுப்புக்கு ஆளானார். ஊராரின் ஏளனப் பார்வை எத்துணைக் கொடியது என்பதைச் சிறுமி முத்துலட்சுமி தம் வீட்டு வாயிலிலேயே அறிந்துகொண்டார்.

அவர் பிறந்த அதே 1886-ஆம் ஆண்டில், மராட்டிய நாட்டைச் சார்ந்த ஆனந்திபாய் ஜோஷி என்னும் இளம் பெண்மணி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் அத்தகைய செய்தி புதுக்கோட்டையின் இல்லங்களில் எவருடைய மனத்தையும் மாற்றிவிடவில்லை. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது.

பள்ளிக்கு வந்த தடை

முத்துலட்சுமியின் பள்ளிப் படிப்பு மிக எளிய நோக்கத்துடன் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்தால் வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்வாள் என்பதற்கு மேல் பெண் கல்வியை அந்நாளில் எவரும் எண்ணவில்லை. ஆனால், சிறுமியின் கூர்த்த அறிவைக் கண்ட ஆசிரியர்கள், தந்தையார் எண்ணியிருந்ததைவிட மிகுதியாகவே கற்பித்தனர். ஆங்கிலமும் கணக்கும் அவருக்கு எளிதில் வசப்பட்டன.

பருவமெய்தியவுடன் தடை வந்தது. வயது வந்த பெண் வீட்டைவிட்டு வெளியே செல்லலாகாது என்பது அக்கால ஊர் வழக்கம். அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. உடன் படித்த மாணவர்கள் மேல் வகுப்புகளுக்குச் செல்ல, அவர்களினும் நன்கு படித்த முத்துலட்சுமியோ கதவுக்கு உட்புறம் நின்றார். அன்னையார் மகளுக்கு ஏற்ற மணமகனைத் தேட விழைந்தார். மகளின் எதிர்காலத்தைக் குறித்து அஞ்சிய தாயின் உள்ளம் அது. அதனை நாம் குறை கூறுதல் தகாது. ஆனால் மகளின் உள்ளம் நூல்களையே நாடி நின்றது.

வீடே பள்ளியாயிற்று

இவ்விடத்தில்தான் நாராயணசாமி ஐயர் ஒரு முடிவுக்கு வந்தார். மகள் பள்ளிக்குச் செல்ல இயலாதெனில், பள்ளி மகளிடம் வரட்டும் என்று துணிந்தார். தாமே ஆசிரியராக அமர்ந்தார். பிற ஆசிரியர்களும் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லினர். வீட்டின் ஓர் அறை வகுப்பறையாயிற்று. மாணவி ஒருவரே. மணியடிப்பார் இல்லை, உடன் பயிலும் தோழியர் இல்லை, விளையாட்டுத் திடல் இல்லை. பாடத்தில் ஐயம் எழுந்தால் பக்கத்து இருக்கையில் கேட்க ஆளில்லை. ஆர்வம் ஒன்றே அவருக்குத் துணையாக நின்றது.

பள்ளியில் பதிவு பெறாதவர்களும் தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வை எழுத அக்காலத்தில் இடமிருந்தது. அந்த வாயிலை முத்துலட்சுமி பயன்படுத்திக்கொண்டார். பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பயின்ற இளைஞர்களோடு ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதி, 1902-ஆம் ஆண்டில் அத்தேர்வில் வெற்றி பெற்றார். வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண் ஒருத்தி இத்தேர்வில் தேறினாள் என்னும் செய்தி புதுக்கோட்டையை வியப்பில் ஆழ்த்தியது.

மாணவர்களே! இவ்வெற்றி வீடு மட்டும் தந்த வெற்றியன்று என்பதை நாம் கருத்தில் கொள்ளல் வேண்டும். கற்பிக்க முன்வந்த பெற்றோர், நெறிப்படுத்திய ஆசிரியர், கற்றதை அளந்து காட்டிய பொதுத்தேர்வு ஆகிய மூன்றும் அங்கே ஒன்று சேர்ந்தன. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் அவருடைய கல்வி அடுக்களையோடு முடிந்திருக்கும்.

கல்லூரி வாயில் திறந்தது

மேற்படிப்பை வீட்டில் தொடர இயலாது. எனவே, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பம் செய்தார். அஃது ஆண்கள் பயிலும் கல்லூரி. பெண்ணொருத்தி உள்ளே வந்தால் இளைஞர்களின் ஒழுக்கம் கெடும் என்று கூறி எதிர்ப்புத் தெரிவித்தோர் பலர். அவர் பிறந்த குலத்தைச் சுட்டிக் காட்டி இகழ்ந்தாரும் உளர். ஆனால் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவற்றுக்குச் செவிசாய்க்கவில்லை. அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். கல்லூரிப் படிப்பு 1904-ஆம் ஆண்டில் தொடங்கியது. மூடிய வண்டியில் சென்று, வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார். திரை பார்வையை மறைத்தது; பாடத்தை மறைக்கவில்லை.

பின்னர் 1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சென்னை நகரமும் ஆங்கிலப் பேராசிரியர்களும் அவருக்குப் புதியவை. எனினும் பரிசுகளும் பதக்கங்களும் வென்று, 1912-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக அமர்ந்த முதல் பெண் என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது.

1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் ஆகாது என்பவை மணத்திற்கு முன் அம்மையார் விதித்த நிபந்தனைகள். அவற்றை ஏற்ற கணவர் இறுதிவரை அவருக்குத் துணை நின்றார். தங்கை நல்லமுத்துவும் கல்வியில் உயர்ந்து, சென்னை இராணி மேரி கல்லூரியின் முதல்வரானார். ஓர் இல்லத்தில் ஏற்றிய விளக்கு அடுத்த விளக்கையும் ஏற்றிவிட்டது.

சட்டமன்றத்தில் எழுந்த குரல்

1927-ஆம் ஆண்டில் அம்மையார் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் ஒன்றில் இடம்பெற்ற முதல் பெண்மணி இவரே. மன்றத்தார் அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். 1928-ஆம் ஆண்டில், இந்தியக் கல்வி நிலையை ஆராய அமைக்கப்பட்ட ஹார்ட்டாக் குழுவிலும் அவர் உறுப்பினரானார். பெண் கல்வியின் நிலையை நேரில் கண்டறியும் வாய்ப்பு அதனால் அவருக்குக் கிட்டியது.

சட்டமன்றத்தில் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அவர் ஓயாது வாதாடினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். ஏழைச் சிறுமியர்க்குக் கட்டணமில்லாக் கல்வி வேண்டும் என்றார். சிறுவயதுத் திருமணத்தை எதிர்த்தார். யாவற்றினும் மேலாக, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். கடும் எதிர்ப்பு எழுந்தது. மரபைக் கெடுக்கின்றார் என்று தூற்றினர். அவர் தளரவில்லை. 1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டபொழுது, அம்மையார் தம் பதவியைத் துறந்தார். ஆயினும் அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

ஔவை இல்லம்

சட்டம் இயற்றினால் மட்டும் போதுமா? கொடிய வழக்கத்திலிருந்து விடுபட்ட சிறுமியர் எங்கே செல்வர்? உண்ண உணவும் உறங்க இடமும் படிக்கப் பள்ளியும் அவர்களுக்கு வேண்டுமே! சில சிறுமியர் தங்க இடமின்றி அம்மையாரின் வாயிலையே தேடி வந்தனர். பிற விடுதிகள் குலத்தைக் காரணம் காட்டி அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம்.

சிறுமியாய் இருந்தபொழுது அவருக்கு ஒரு வீடு பள்ளியாயிற்று. இப்பொழுதோ வீடே இல்லாத பிள்ளைகளுக்குத் தம் வீட்டை அவர் பள்ளியாக்கினார். அவருக்கு வாய்த்த தந்தை எல்லாச் சிறுமியர்க்கும் வாய்ப்பதில்லை. நூல் வாங்கப் பணமும் கற்பிக்க ஆளும் இல்லாத குடும்பங்கள் எத்தனை! அத்தகைய பிள்ளைகளைக் கைவிடலாகாது என்பதே அம்மையார் தம் சொந்த வாழ்வினின்று பெற்ற பாடம். பின்னர் அடையாற்றுக்கு இடம் பெயர்ந்த அவ்வில்லம், ஆதரவற்ற பெண் குழந்தைகள் பலருக்குக் கல்வி அளித்துள்ளது.

புற்றுநோய் மருத்துவமனை

அம்மையாரின் உள்ளத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. 1923-ஆம் ஆண்டில் அவருடைய தங்கை ஒருவர் புற்றுநோயால் மாண்டார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவரைக் காக்க இயலவில்லை. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைத்தே தீர்வது என உறுதி பூண்டார். தடைகள் பல வந்தன. ஆண்டுகள் பல கழிந்தன. முடிவில், 1952-ஆம் ஆண்டில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டில் மருத்துவமனை பணி தொடங்கியது. ஏழைகளுக்கும் செல்வர்க்கும் ஒருங்கே மருத்துவம் செய்யும் அந்நிலையம் இன்றும் சிறப்புடன் இயங்கி வருகின்றது.

இந்திய அரசு 1956-ஆம் ஆண்டில் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். ஏழைத் தாய்மார்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேற்று நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நாம் அறிய வேண்டுவது

முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? பள்ளிக் கதவு மூடினும் கல்விக் கதவு மூடுவதில்லை என்பது ஒன்று. தடைக்காலத்தில் நம் பெற்றோர்கள் பலர் கடையையும் வேலையையும் கவனித்துக்கொண்டே நம் அருகில் அமர்ந்து பாடம் சொல்லித் தந்தனர். அவர்கள் யாவரும் நாராயணசாமி ஐயரின் வழியில் நின்றவர்களே ஆவர். அவர்களுக்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

மற்றொன்றும் உண்டு. அம்மையார் வீட்டில் கற்றது வீட்டிலேயே தங்குவதற்காக அன்று. அங்கே பெற்ற அறிவைக் கொண்டு கல்லூரிக்கும், மருத்துவமனைக்கும், சட்டமன்றத்திற்கும் சென்றார். குழந்தையை உலகிலிருந்து மறைத்து வைக்கும் கல்வி கல்வியாகாது; உலகிற்குள் அழைத்துச் செல்வதே கல்வி. பள்ளியில் கற்பினும், வீட்டில் கற்பினும், இணையத்தின் வழிக் கற்பினும் இவ்வுண்மை மாறாது.

அன்றியும், தடைக்காலத்தில் கைப்பேசி இல்லாமலும், அமைதியாக அமர்ந்து படிக்க இடமில்லாமலும் இடர்ப்பட்ட நண்பர்கள் நம்மிடையே இருந்தனர். அத்தகையோர் இனியும் இருப்பர். நம்மிடம் உள்ள நூலைப் பகிர்வதும், அறிந்த பாடத்தைச் சொல்லித் தருவதும் நாம் செய்யக்கூடிய சிறு தொண்டுகளாகும். கதவைத் திறந்து சிறுமியரை உள்ளே அழைத்த அம்மையாரை நினைவிற்கொண்டு, நாமும் கற்போம். கற்றதைப் பிறர்க்கும் கொடுப்போமாக!