பழுதுற்ற ஆலயங்களை மீட்ட பெருந்தகை: சேட் கஸ்தூர்பாய் லால்பாய்

ஆலயம் எழுப்பியவர் பெயர் கல்வெட்டில் நிற்கும். இடிந்ததை எடுத்து நிறுத்தியவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. ஆயினும், பழுதுற்ற ஜினாலயத்தைச் செப்பனிடுதல் புதியதொன்று கட்டுவதைக் காட்டிலும் எட்டு மடங்கு புண்ணியம் தரும் என்னும் நம்பிக்கை குஜராத்துச் சைனரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவ்வறத்தை அவர்கள் ஜீர்ணோத்தாரம் என்பர். தமிழில் திருப்பணி எனப்படுவதும் அதுவே. 20ஆம் நூற்றாண்டில் அந்த அறத்தைத் தம் வாழ்நாட்பணியாக ஏற்றவர் அகமதாபாத்தின் சேட் கஸ்தூர்பாய் லால்பாய். ‘பாய்’ என்பது குஜராத்தியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் மரியாதைச் சொல்.

அவர் 1894ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் பிறந்தார். முகலாயர் காலத்தில் பெயர் பெற்றிருந்த இரத்தின வணிகர் சாந்திதாஸ் ஜவேரியின் வழிவந்த சுவேதாம்பரக் குடும்பம் அது. சாந்திதாஸ் 17ஆம் நூற்றாண்டில் அகமதாபாத்தை அடுத்து எழுப்பிய சிந்தாமணி பார்சுவநாதர் ஆலயம் காலத்தின் மாற்றங்களில் நிலைக்காமற் போயிற்று. கட்டுவது ஒரு தலைமுறையின் ஆற்றல், காப்பது எல்லாத் தலைமுறைகளின் கடமை என்பதை அக்குடும்பம் தன் வரலாற்றிலேயே கண்டிருந்தது.

1912இல் தந்தையார் லால்பாய் தல்பத்பாய் காலமானார். கஸ்தூர்பாய்க்கு அப்போது 17 வயது. கல்லூரிப் படிப்பை விட்டுக் குடும்பத்தின் நூலாலைப் பொறுப்பை ஏற்றார். 1931இல் உடன்பிறந்தாருடன் அரவிந்த் ஆலையையும், பின்னர் வல்சாட் அருகே அதுல் சாயத் தொழிற்சாலையையும் நிறுவி, நாட்டின் முதல்வரிசைத் தொழிலதிபர்களுள் ஒருவரானார். அகமதாபாத்தில் கல்வி நிலையங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் பல தோன்ற அவருடைய பொருளும் உழைப்பும் துணை நின்றன. 1969இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது.

இத்தொழில் வாழ்வுக்கு இணையாக மற்றொரு பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. சத்ருஞ்சயம் முதலிய சுவேதாம்பரத் தலங்களைப் பேணி வரும் பழமையான அறநிலையம் ஆனந்த்ஜி கல்யாண்ஜி பேடி. 1920களின் நடுப்பகுதியில் அதன் தலைமையை ஏற்ற கஸ்தூர்பாய், ஏறத்தாழ 50 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். தொடக்கமே கடினமாயிருந்தது. சத்ருஞ்சயத்திற்கு வரும் யாத்திரிகர்கள் தொடர்பாகப் பாலிதானா சமஸ்தானம் கேட்ட தொகை குறித்துப் பூசல் மூண்டது. 1926 முதல் இரண்டு ஆண்டுகள் சைனர்கள் அம்மலைக்கு யாத்திரை செல்வதையே நிறுத்தி வைத்தனர். 1928இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே மலைப்பாதை மீண்டும் திறந்தது.

அவர் கவனம் அடுத்து இராணக்பூருக்குத் திரும்பியது. ஆரவல்லி மலையடிவாரத்தில் தரணா ஷா என்னும் சிராவகர் எழுப்புவிக்க, தேபா என்னும் சிற்பி அமைத்த ஆதிநாதரின் நான்முக ஆலயம் அது. கல்வெட்டு காட்டும் ஆண்டு 1439. ஒன்றைப்போல் ஒன்று இல்லாத 1,444 தூண்கள் அங்கு உண்டென்பர். ஊர் அழிந்து, காடு சூழ்ந்து, பல காலம் ஆளரவமற்றுக் கிடந்தது அவ்வாலயம். வௌவாலும் புறாவும் குடியேறியிருந்தன. விதானங்கள் விரிசல் கண்டிருந்தன. 1930களின் நடுவில் தொடங்கிய திருப்பணி ஏறத்தாழ 11 ஆண்டுகள் நடந்தது. வழிவழியாக ஆலயம் கட்டும் சோம்புரா மரபுச் சிற்பிகள், உடைந்த கல்லை அகற்றி அதே அளவில், அதே வடிவில் புதுக்கல்லைச் செதுக்கிப் பொருத்தினர். இன்று உலகெங்கிலுமிருந்து வருவோர் வியந்து நோக்கும் இராணக்பூர் இவ்வாறு மீட்கப்பட்டதே.

1950களில் ஆபு மலையின் தில்வாரா ஆலயங்களில் பணி தொடங்கிற்று. 1031இல் விமல ஷா எழுப்பிய ஆதிநாதர் ஆலயமும், 1230இல் தேஜபாலர் எழுப்பிய நேமிநாதர் ஆலயமும் சலவைக்கல்லில் அமைந்தவை. மெழுகில் இழைத்தாற்போன்ற நுண்மை உடையவை. 14ஆம் நூற்றாண்டிலேயே ஒருமுறை பழுதுபார்க்கப்பட்டவை. வேறு சலவைக்கல்லைக் கொண்டு ஒட்டுப்போட்டால் நிறமும் இழையும் காட்டிக்கொடுத்துவிடும். எனவே மூலக்கல் வந்த அம்பாஜி மலைப்பகுதியிலிருந்தே கல் பெறவேண்டும் என்பதில் கஸ்தூர்பாய் உறுதியாயிருந்தார். அமிர்தலால் மூல்சங்கர் திரிவேதி என்னும் சோம்புரா ஸ்தபதியின் மேற்பார்வையில் சிற்பிகள் பணிபுரிந்தனர். சிதையாமல் எஞ்சிய சிற்பத்தை அருகில் நின்று அளந்து, சிதைந்ததன் இடத்தில் அதன் இணையை வடித்தனர். முதல் மதிப்பீட்டைவிடச் செலவு பல மடங்கு உயர்ந்தது. ஆலைக் கணக்கில் ஒரு காசையும் வீணாகவிடாத அவர், இங்கு வேலையின் தரத்தைப் பார்த்து, உயர்ந்த கூலிக்கு மறுப்பின்றி இசைந்தார். கல்லின் வேலையை அவசரத்தாலும் சிக்கனத்தாலும் கெடுக்கலாகாது என்பது அவர் கொள்கை.

இம்முறைக்கு மாற்றுக்கருத்தும் உண்டு. அழிந்த சிற்பத்தை ஊகித்துப் புதிதாகச் செதுக்குதல் வரலாற்றைப் பொய்யாக்கும், எஞ்சியதை எஞ்சியபடியே காத்தலே நெறி என்பது தொல்லியல் துறையின் பொதுக்கொள்கை. கஸ்தூர்பாயின் ஆலயங்களோ காட்சிப்பொருள்கள் அல்ல; நாள்தோறும் வழிபாடு நடப்பவை. பிளந்த விட்டத்தின் கீழ் சிராவகரை நிறுத்த இயலாது. ஆகவே அவர் இரண்டுக்கும் இடையே ஒரு வழியைக் கண்டார். தேவையானதை மாற்றலாம், ஆனால் பழைய சிற்பி செய்ததையே திரும்பச் செய்யவேண்டும், தன் கற்பனையைச் சேர்க்கலாகாது.

அவ்வழியின் கடுமையான சோதனை சத்ருஞ்சயத்தில் நேர்ந்தது. மலையுச்சியிலுள்ள ஆதிநாதர் மூலாலயத்தைச் சுற்றி, பல தலைமுறைகளாகப் பக்தர்கள் சிறு சிறு சன்னிதிகளையும் பிம்பங்களையும் சேர்த்துக்கொண்டே வந்திருந்தனர். சுவர்களின் மேல் சுண்ணச்சாந்து படலம் படலமாக ஏறியிருந்தது. ஒவ்வொன்றும் ஒருவரது பக்தியின் காணிக்கை. ஆனால் அனைத்தும் சேர்ந்து மூலாலயத்தின் சிற்ப எழிலை மறைத்துவிட்டன. வழியும் நெருக்குண்டது.

அவற்றை அகற்றவேண்டும் என்று கஸ்தூர்பாய் முடிவு செய்தபோது எதிர்ப்பு எழுந்தது. பிரதிஷ்டை செய்யப்பட்ட பிம்பத்தை இடம் பெயர்ப்பது அபசாரமாகாதா? முன்னோர் கொடுத்த காணிக்கையை அகற்ற இன்றையோருக்கு உரிமை உண்டா? இவை அற்பமான கேள்விகள் அல்ல. ஆலயத்தின் தொன்மையும் வேண்டும், அடியாரின் மனமும் புண்படலாகாது. கஸ்தூர்பாய் பின்வாங்கவுமில்லை, பிம்பங்களைக் கைவிடவுமில்லை. அவற்றுக்கென அம்மலையிலேயே புதிய ஆலயத் தொகுதி ஒன்று கட்டப்பட்டது. ஏறத்தாழ 500 பிம்பங்கள் அங்கு முறைப்படி எழுந்தருளுவிக்கப்பட்டன. 1976இல் பிரதிஷ்டை நிறைவேறியது. சாந்து நீங்கிய மூலாலயச் சுவர்களில் பழைய சிற்பங்கள் மீண்டும் ஒளி கண்டன.

தாரங்கா, கிர்நார், கும்பாரியா ஆகிய தலங்களிலும் அவர் காலத்தில் பேடி திருப்பணி செய்தது. கல்லைப் போலவே ஓலையும் ஏடும் அழியக்கூடியவை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். முனிராஜர் புண்ணியவிஜயர் அரிதின் தேடித் தொகுத்த சுவடிகளைக் காப்பதற்கும் ஆராய்வதற்கும், 1950களில் தம் பாட்டனார் தல்பத்பாயின் மகனான தந்தையார் பெயரால் லால்பாய் தல்பத்பாய் பாரதிய சம்ஸ்கிருதி வித்தியா மந்திரை அகமதாபாத்தில் நிறுவினார்.

1980ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் கஸ்தூர்பாய் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற ஆலயங்களுள் பெரும்பாலானவற்றில் அவர் கட்டியதென்று சுட்டிக்காட்டத் தனியே ஏதுமில்லை. புதுக்கல் எது, பழங்கல் எது என்று யாத்திரிகர் கண்ணுக்குப் புலப்படாமல் இருப்பதே அவருடைய பணியின் வெற்றி.

பழைய ஜினாலயத்திற்குத் திருப்பணி செய்யக் கூடும் எந்த ஊர்ச் சபையின் முன்னும் அவர் வாழ்வு சில கேள்விகளை வைக்கிறது. பளபளப்பான ஓடு பதிப்பதற்கு முன், சுவரில் என்ன செதுக்கியிருக்கிறது என்று பார்த்தோமா? வண்ணம் பூசுவதற்கு முன், அதன் அடியில் கல்வெட்டு உண்டா என்று தேடினோமா? சேர்ப்பது பக்தி, சேர்க்காமல் நிறுத்திக்கொள்வதும் பக்தியே. அந்த அடக்கத்தைக் கல்லில் நிலைநாட்டிய சிராவகர் கஸ்தூர்பாய் லால்பாய்.